“எந்த செக்‌ஷன்?”: கைதான முதல் 24 மணி நேரத்தில் குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி

இரவு பதினொரு மணிக்கு மேல் வரும் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் நல்ல செய்தியைக் கொண்டுவருவதில்லை. “தம்பியைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. எந்த ஸ்டேஷன்னு தெரியல.” செங், பாயா ரும்புட், குருபோங், டுரியான் துங்கல் பக்கம் இருக்கும் குடும்பங்களில் பலருக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. அதற்குப் பிறகு நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு பேர் ஒரு காரில் ஏறி ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றுவார்கள். யாராவது ஒரு கட்சிக்காரருக்குப் போன் போகும். “ஒண்ணும் ஆகாது, காலையில விட்டுடுவாங்க” என்று பதில் வரும். காலையில் விடமாட்டார்கள். பையனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, நான்கு நாள் ரிமாண்ட் வாங்கி, திரும்ப லாக்கப்பில் வைத்த பிறகுதான் குடும்பத்துக்கு விவரம் தெரியும். அந்த அறையில் பையனுக்காகப் பேச ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இதில் போலீசைக் குறை சொல்வது சுலபம். ஆனால் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் நேரத்தை நாமே தொலைத்துவிடுகிறோம் என்பதும் உண்மை. கோயில் கூட்டங்களிலும் தாமான் சாப்பாட்டுக் கடைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சில கேள்விகளுக்கான பதில்களை இங்கே தருகிறோம். எல்லாப் பதிலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: எந்தச் சட்டத்தின் கீழ், எந்தப் பிரிவின் கீழ் பிடித்திருக்கிறார்கள் என்பதை முதல் வேலையாகத் தெரிந்துகொள்ளுங்கள். மலாயில் “செக்சென் பெராப்பா, துவான்?” என்று மரியாதையாகக் கேட்டால் போதும். அந்த எண் தெரிந்தால்தான் எத்தனை நாள், ஜாமீன் உண்டா, லாயர் எப்போது பார்க்கலாம் என்பதெல்லாம் தெரியும்.

வழியில் நிறுத்தினால் என்ன செய்வது?

சீருடை இல்லாத ஒருவர் நிறுத்தினால் அவருடைய அதிகார அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அது அவமரியாதை அல்ல. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவிப் பிரிவு வெளியிட்ட, பலரும் “சிவப்புப் புத்தகம்” என்று சொல்லும் கையேடு அட்டையின் நிறங்களை விளக்குகிறது. நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும். மஞ்சள் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழ். வெள்ளை என்றால் துணைப்படை. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டவர். அவருக்கு உங்களை நிறுத்தும் அதிகாரமே இல்லை. பெயரையும் அட்டை எண்ணையும், வண்டியில் வந்தால் வண்டி எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் மைகார்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிமுறைகளின்படி அதற்கான தண்டனை 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கடைக்குப் பால் வாங்கத்தானே போகிறோம் என்று ஐ.சி.யை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் பழக்கம் எஸ்டேட்டில் இன்னும் இருக்கிறது. அதை இன்றே விட்டுவிடுங்கள்.

பெயர், முகவரி, ஐ.சி. எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேள்விகள் நீண்டாலோ “ஸ்டேஷனுக்கு வா” என்றாலோ, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஆடாகா சாயா டிதங்காப்?” (நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா?) இல்லை என்றால் நீங்கள் போகலாம். ஆம் என்றால் திமிற வேண்டாம். எதிர்த்துத் தள்ளினால் அது தனியாக இன்னொரு குற்றமாகிவிடும். அமைதியாக அடுத்த கேள்விக்குப் போங்கள்: “எந்த செக்‌ஷன்?”

பெண்களைச் சோதனை செய்ய வேண்டியிருந்தால் பெண் அதிகாரிதான், கண்ணியம் காத்துச் செய்ய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. கைப்பேசியைக் கேட்டால்? அதே சட்டத்தின் 116பி பிரிவு, சோதனை நடத்தும் அதிகாரிக்குக் கணினித் தகவல்களைப் பார்க்கவும் கடவுச்சொல் கேட்கவும் அதிகாரம் தருகிறது. ஆனால் அந்த அதிகாரி இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பதவியில் இருக்க வேண்டும், அது சட்டப்படி நடக்கும் ஒரு சோதனையின் பகுதியாக இருக்க வேண்டும். யார் கேட்கிறார், எந்த விசாரணைக்காகக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு பிறகு கொடுங்கள்.

“சும்மா ஒரு ஸ்டேட்மெண்ட்” என்று அழைத்தால்?

தெருவில் ஒரு சண்டை, அதைப் பார்த்தவர் என்று உங்கள் பெயர் யாரோ சொல்லிவிட்டார்கள். வாய்வார்த்தையாக அழைத்தால் உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லலாம். சட்டப்படி கட்டாயப்படுத்த வேண்டுமென்றால் 111ஆவது பிரிவின் கீழ் எழுத்து மூலம் உத்தரவு வர வேண்டும். அந்தக் கடிதம் வந்தும் போகவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் வாரண்ட் கேட்பார்கள், ஆகவே போய்விடுங்கள்.

அங்கே எடுப்பது 112ஆவது பிரிவு வாக்குமூலம். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையை அதே பிரிவு தருகிறது. எழுதியதை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும், திருத்தம் இருந்தால் செய்ய வேண்டும், பிறகுதான் கையெழுத்து. நம் மூத்தவர்கள் பலர் மலாய் பேசுவார்கள், ஆனால் எழுத்து மலாய் அவ்வளவு எளிதாகப் புரியாது. “தெரியும் தெரியும்” என்று வெட்கத்துக்காகத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்ட தாத்தாக்கள் எத்தனையோ பேர். மொழிபெயர்ப்பாளர் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

பிடித்த பிறகு கடிகாரம் எப்படி ஓடுகிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதிதான் அடிப்படை. கைது செய்த காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். விரும்பிய வழக்கறிஞரைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் அதற்கு மேல் வைத்திருக்கக்கூடாது. இதை யாரும் சலுகையாகக் கொடுக்கவில்லை. நாட்டின் தலையாய சட்டத்தில் எழுதியிருக்கிறது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இன்னும் நுணுக்கமாகப் போகிறது. விசாரணையைத் தொடங்குவதற்கு முன்பே, உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லவும், வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் வந்து சேர நியாயமான நேரமும் தர வேண்டும். இதற்கு விதிவிலக்கு உண்டு: கூட்டாளி தப்பிவிடுவான், சாட்சியம் அழிக்கப்படும், யாருக்காவது ஆபத்து என்று டி.எஸ்.பி. அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி கருதினால் மறுக்கலாம். ஆகவே “போன் பண்ண முடியாது” என்று ஒரு கான்ஸ்டபிள் சொன்னால், எந்த அதிகாரியின் முடிவு அது என்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது.

பையனுக்கு வயது 18க்குக் குறைவா? அப்படியானால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பொருந்தும். பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் உடனே தகவல் தெரிவிக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக்கூடாது. பிறப்புச் சான்றிதழின் நகலை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். ஆள் வளர்த்தியாக இருந்தால் வயதை யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது ரிமாண்ட். இதைத்தான் நம் மக்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். ரிமாண்ட் என்பது தண்டனை அல்ல, குற்றச்சாட்டும் அல்ல. விசாரணை முடியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று போலீஸ் கேட்பது. 117ஆவது பிரிவில் நாள் கணக்குத் தெளிவாக இருக்கிறது. 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனை உள்ள குற்றமென்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். மரண தண்டனை அல்லது 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் முதலில் 7, பிறகு 7. சாதாரணத் திருட்டு 379ஆவது பிரிவு. அதிகபட்சம் 7 ஆண்டு. ஆகவே 4 நாளும் 3 நாளும். கொலை 302; ஆகவே 7ம் 7ம். செக்‌ஷன் எண்ணைக் கேளுங்கள் என்று மேலே சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இந்த எண்கள் எல்லாம் அதிகபட்சம். கேட்டதைக் கேட்டபடி கொடுக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. காலத்தை முடிவு செய்யும் முன் பிடிபட்டவரோ அவருடைய வழக்கறிஞரோ சொல்வதைக் கேட்க வேண்டும், காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அங்கே நிற்கும் பையன் வாய் திறந்து பேசலாம்: வேலை இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, விசாரணைக்கு ஒத்துழைத்துவிட்டேன், வீட்டுக்கு இன்னும் போன் செய்ய விடவில்லை, ஆஸ்துமா மருந்து வேண்டும், அடித்தார்கள். அடித்திருந்தால் அதைச் சொல்ல வேண்டிய முதல் இடம் இதுதான். பயத்தில் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டு, பத்து நாள் கழித்து வீட்டில் அம்மாவிடம் சொன்னால், அதற்குள் காயம் ஆறியிருக்கும்.

லாயருக்குப் பணம் இல்லையே?

இந்த ஒரு பதிலுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். தேசிய சட்ட உதவி அறவாரியம், மலாயில் ‘யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன்’, 2012 ஏப்ரலிலிருந்து இயங்கி வருகிறது. கைதானபோதும், ரிமாண்ட் விசாரணையிலும், ஜாமீன் கேட்கும்போதும் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் வருவார். ரிமாண்ட் நிலையில் உங்கள் வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். பையன் மாஜிஸ்திரேட்டிடம் “எனக்கு ஒய்.பி.ஜி.கே. வழக்கறிஞர் வேண்டும்” என்று சொல்லலாம், குடும்பம் அன்றிரவே மலாக்கா வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைத் தேடத் தொடங்கலாம். மாமாவின் நண்பருக்குத் தெரிந்த யாரோ ஒருவர் “நான் பேசி முடிச்சிடறேன், ஐயாயிரம் கொடுங்க” என்பார். அந்த ஐயாயிரத்துக்கு ரசீது கிடைக்காது.

மலாக்காவில் மத்திய மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் என்று மூன்று போலீஸ் மாவட்டங்கள். செங் மத்திய மலாக்காவில் இருக்கிறது. ஆனால் பக்கத்துத் தோட்டங்கள் பல அலோர் காஜா எல்லையில் வரும். பிடித்த இடம் எது என்று தெரிந்தால் எந்த மாவட்டத் தலைமையகத்தில் கேட்பது என்று தெரியும். எல்லா ஸ்டேஷனையும் சுற்ற வேண்டியதில்லை. விசாரணை அதிகாரியின் பெயர், போன் எண், ரிப்போர்ட் எண், ரிமாண்ட் எங்கே எத்தனை மணிக்கு, செக்‌ஷன். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வர, வீட்டில் படித்த ஒருவரை அனுப்புங்கள். பெரும்பாலும் வீட்டிலேயே நிதானமாகப் பேசக்கூடியவர் அக்காதான். அவரை அனுப்புவது நல்லது.

கடிகாரம் மாறும் சட்டங்கள்

மேலே சொன்ன கணக்கெல்லாம் சாதாரணக் குற்றங்களுக்கு. வேறு கடிகாரத்தில் ஓடும் சட்டங்கள் உண்டு. அதை மலாக்கா மாநிலம் மிக நெருக்கமாகப் பார்த்தது 2019 அக்டோபரில்.

அந்த மாதம் 10ஆம் தேதி காடேக் சட்டமன்ற உறுப்பினரும் அப்போதைய மலாக்கா ஆட்சிக்குழு உறுப்பினருமான ஜி. சாமிநாதன் கைதானார். நெகிரி செம்பிலானில் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரனும் கைதானார். சில நாட்களுக்குள் எண்ணிக்கை 12 ஆனது. விடுதலைப்புலிகள் இயக்கத்துக்கு ஆதரவு அளித்ததாகச் சந்தேகம். மலேசியா அந்த இயக்கத்தை 2014இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தது. பயன்படுத்தப்பட்ட சட்டம் சொஸ்மா, அதாவது 2012ஆம் ஆண்டு பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்பு நடவடிக்கைச் சட்டம்.

அவர்கள் வைத்திருந்த அரசியல் கருத்து சரியா தவறா என்பது இங்கே பேச்சு அல்ல. சட்டம் எப்படி இயங்கியது என்று பாருங்கள். சொஸ்மாவின் 4ஆவது பிரிவின்படி, முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு சூப்ரிண்டெண்டன்ட் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியே 28 நாள் வரை காவலை நீட்டிக்கலாம். மாஜிஸ்திரேட் தேவையில்லை. 5ஆவது பிரிவின்படி வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிவைக்கலாம். குற்றம் சாட்டப்பட்ட பிறகும், 2012இல் எழுதப்பட்ட 13ஆவது பிரிவு ஜாமீன் கதவை ஏறக்குறைய முழுமையாக மூடியது. அரசியல் நம்பிக்கைக்காக மட்டும் யாரையும் இச்சட்டத்தின் கீழ் கைது செய்யக்கூடாது என்று அதே 4ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

2019 நவம்பர் 29ஆம் தேதி, சாமிநாதனின் மனுவில், கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் கசாலி 13ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்றார். ஜாமீன் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. அதை நாடாளுமன்றம் பிடுங்கிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். நம் மாநிலத்து வழக்கு ஒன்று நாட்டின் சட்ட விவாதத்தில் அப்படி இடம் பிடித்தது. ஆனால் அந்த ஒரு தீர்ப்பால் 13ஆவது பிரிவு சட்டப் புத்தகத்தை விட்டு மறைந்துவிடவில்லை.

2020 பிப்ரவரி 21ஆம் தேதி, அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிடுவதாக அறிவித்தார். கைப்பேசியிலோ முகநூலிலோ ஒரு தலைவரின் படத்தை வைத்திருப்பதால் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. முதல் கைதிலிருந்து அந்த அறிவிப்பு வரை 134 நாள். அதில் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் போயின. தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்த, வழக்கறிஞர்கள் வரிசையாக வந்து நின்ற ஒருவருக்கே அவ்வளவு நாள் ஆனது.

பழைய ஐ.எஸ்.ஏ.வை நினைவில் வைத்திருப்பவர்கள், இது அதைவிட மேல் என்பார்கள். அதில் உண்மை உண்டு. 2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் கமுந்திங் முகாமுக்கு அனுப்பப்பட்டபோது நீதிமன்ற விசாரணையே கிடையாது. அமைச்சர் கையெழுத்து இருந்தால் இரண்டு ஆண்டு, பிறகு மீண்டும் நீட்டிக்கலாம். 2012இல் அந்தச் சட்டம் போய் சொஸ்மா வந்தது. விசாரணை உண்டு, ஆனால் அதுவரை உள்ளேதான்.

“நமக்கும் பயங்கரவாதத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பவர்களுக்கு: சொஸ்மா பயங்கரவாதத்துக்கு மட்டும் அல்ல. குண்டர் கும்பல் உறுப்பினர் என்ற குற்றச்சாட்டு, தண்டனைச் சட்டத்தின் 130வி பிரிவு, அதன் கீழ்தான் வருகிறது. தண்டனை 5 முதல் 20 ஆண்டு. 2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் இருக்கும் ஒரு எண்ணைச் சட்டையில் போட்டுக்கொண்டு சாவு ஊர்வலத்திலும் மாசி மகத் தேர் பின்னாலும் ஆடும் பிள்ளைகளுக்கு, அந்த எண் 28 நாளுக்கும் ஜாமீன் இல்லாத சிறைக்கும் வழிகாட்டக்கூடும் என்று யாராவது சொல்ல வேண்டும். சன்னாசி மலைக்கு சாமி கும்பிட வருபவனுக்கு அந்தச் சட்டை எதற்கு?

இன்னொன்று போக்கா, 1959ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டம். 2014 திருத்தத்துக்குப் பிறகு முதலில் 21 நாள், பிறகு 38 நாள். அதற்குப் பிறகு குற்றத் தடுப்பு வாரியம் இரண்டு ஆண்டுத் தடுப்புக் காவல் விதிக்கலாம், அல்லது காலில் மின்னணுக் கருவி மாட்டி வேறு ஊரில் வைக்கலாம். வாரியத்தின் முடிவை நீதிமன்றம் ஆராய்வது பெரும்பாலும் நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்ற அளவில்தான். ஆனாலும் தேதி, கையெழுத்து, கொடுக்க வேண்டிய தாளைக் கொடுத்தது என்று இந்த நடைமுறையில் தவறு இருந்தால், உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு விடுதலையானவர்கள் உண்டு. ஆகவே இந்தச் சட்டத்தின் பெயர் காதில் விழுந்தால் அன்றே அனுபவமுள்ள வழக்கறிஞரைத் தேடுங்கள். 4 நாளில் வந்துவிடுவான் என்று காத்திருந்தால் பயன் இல்லை.

ஒரு வழக்கில் ரிமாண்ட் முடிந்து வெளியே வரும் வாசலிலேயே இன்னொரு ஸ்டேஷன் வேறொரு ரிப்போர்ட்டில் பிடித்துப்போகும் வழக்கமும் உண்டு. சங்கிலி ரிமாண்ட் என்பார்கள். முந்தைய ரிமாண்ட் தாள்கள், தேதிகள், செக்‌ஷன்கள் எல்லாவற்றையும் வைத்திருங்கள். இரண்டாவது மாஜிஸ்திரேட்டுக்கு முதல் ரிமாண்ட் பற்றி யாராவது சொன்னால்தான் தெரியும்.

நாம் புகார் கொடுக்கப் போனால்?

“இது எங்க ஏரியா இல்ல, அலோர் காஜா போ” என்று திருப்பி அனுப்பினால், நாட்டில் எங்கே நடந்த குற்றமானாலும் தகவலைப் பெற்றுக்கொள்வது போலீசின் கடமை என்று 107ஆவது பிரிவு சொல்வதைப் பணிவாக நினைவுபடுத்துங்கள். ரிப்போர்ட்டின் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். நான்கு வாரம் கழித்தும் ஒரு செய்தியும் இல்லையென்றால், 107ஏ பிரிவின் கீழ் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். சங்கிலி பறிகொடுத்த அம்மாக்கள், கடன் கும்பல் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிப் போன குடும்பங்கள், யாருமே இந்தக் கடிதத்தை எழுதுவதில்லை. ஒரு பக்கம் போதும். ரிப்போர்ட் எண், தேதி, “செக்சென் 107ஏ கானூன் தத்தாச்சாரா ஜெனாயா” என்ற ஒரு வரி, கீழே பெயரும் ஐ.சி. எண்ணும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டு ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

போலீஸ் மீதே புகார் என்றால் மூன்று வழிகள்: போலீசின் நேர்மை, தரக் கட்டுப்பாட்டுத் துறை, 2023 ஜூலை 1 முதல் செயல்படும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம், மனித உரிமை ஆணையமான சுஹாகாம். மூன்றுக்கும் முன்னால் அரசாங்க மருத்துவமனை. காயம் இருந்தால் வெளியே வந்த அன்றே டாக்டரிடம் காட்டி, எப்படி வந்த காயம் என்று சொல்லி, பதிவு செய்ய வைக்க வேண்டும். காவலில் ஒருவர் இறந்துபோனால் மாஜிஸ்திரேட் விசாரணை நடத்த வேண்டும் என்பது 334ஆவது பிரிவு. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் காவலில் இறந்த ஏ. குகனின் வழக்கில் முதல் பிரேதப் பரிசோதனையைக் குடும்பம் ஏற்கவில்லை. இரண்டாவது பரிசோதனைக்குப் போராடினார்கள். அது அடித்த காயங்களை வெளியே கொண்டுவந்தது. 2013 ஜூனில் உயர்நீதிமன்றம் குகனின் தாயார் பக்கம் தீர்ப்பளித்தது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். லாக்கப்புக்குள் போகும்போது வாங்கி வைக்கும் பணம், மோதிரம், கைப்பேசி எல்லாவற்றுக்கும் பட்டியல் போட வேண்டும். அதில் கையெழுத்து வாங்குவார்கள். வெளியே வரும்போது அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். கைப்பேசியை விசாரணைக்கு வைத்துக்கொள்கிறோம் என்றால், பெற்றுக்கொண்டதற்கான தாளைக் கேளுங்கள். ஜாமீனில் வந்திருந்தால் மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்பது அந்தக் கடிதத்தில் இருக்கும். அதை மடித்துப் பர்ஸில் வைக்காமல், வீட்டு நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.